உறைமேல் முகவரி

"ரிப்போர்ட்டு இன்னும் வரலையே ஆவுடை"ன்னு பூனாவுலேர்ந்து கைலாசம் போன்ல சொன்னப்ப மணி பதினொண்ணு அஞ்சு. லேப்பு கவுண்டர்ல உக்காந்திருந்த ஆவுடையப்பன் கைல பாதி ஆமவடை, வாயில மீதிப் பாதி. "வந்துரும் கைலாசம், பத்தே முக்காலுக்கே அனுப்பியாச்சு, ஸ்பாம்ல எங்கயாவது கெடக்கும் பாருங்க." "அதையும் பாத்துட்டேன், இல்ல. அப்பாவுக்கு என்னன்னு தெரியாம இங்க மீட்டிங்ல உக்காந்து போனையே மொறச்சுக்கிட்டு இருக்கேன்." "செத்த இருங்க, பாத்துட்டு நானே கூப்பிடுதேன்"னு போனை வச்சான். ஆவுடைக்கு வாயி முன்னால ஓடும், மூளை பின்னால செருப்பு மாட்டிக்கிட்டு வரும். இப்பவும் அப்படித்தான், மூளை சாவகாசமா வந்து கம்ப்யூட்டர எட்டிப் பாத்துச்சு. பாத்த உடனே வடை தொண்டையில நின்னுட்டு. தெரையில, பத்தே முக்கால் வரியில, போயிட்டுன்னு பச்சையா எழுதியிருக்கு. பக்கத்துல ஒரு முழ நீளத்துக்கு நம்பரு. அதுக்குப் பக்கத்துல மெயிலு போன விலாசம். கோமதிநாயகம், பின்னால பொறந்த வருசம் அம்பத்தாறு, பின்னால மிச்சம். மகன் விலாசம் இல்ல. அப்பன் விலாசம். எந்த மனுசனுக்குத் தெரியக்கூடாதுன்னு மூணு நாளா மகன் அங்கேருந்து கெஞ்சுனானோ, அந்த மனுசன் போனுக்கே நேராப் போய் எறங்கியிருக்கு. ஆவுடை மறுபடி வாசிச்சான். எழுத்து மாறல. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுட்டு வாசிச்சான். வடை எண்ண அப்பி எழுத்து மங்குச்சு, மாறத்தான் இல்ல.

எப்படிப் போச்சு, எப்படிப் போச்சு. மகன் பேரத்தான எழுதுனேன், என் கையாலதான எழுதுனேன். மெயிலு அனுப்புத கம்பெனி எந்த ஊர்ல இருக்குன்னு ஆவுடைக்குத் தெரியாது, மேகத்துல இருக்குன்னு சொல்லுதாங்க. மேகம்னா மழையாவது பெய்யணும், இது லேப் ரிப்போர்ட்டாப் பெய்யுது. அது வாயத் தொறந்து பேசுனா எப்படிப் பேசும்னு ரத்தம் எடுக்குற மரியபுஷ்பத்துக்கு ஒருநாள் பேசியே காமிச்சான், தாலுகா ஆபீஸ் கிளார்க்கு மூக்கால பேசுத கணக்கா: "இந்தாரும், வெறும் நாலு வரி சேதின்னா எங்கிட்டச் சொல்லும், நானே எழுதிக்கிடுதேன். கூட எதையாவது வச்சுக் கட்டி அனுப்பணுமா? அப்ப முழு லெட்டரையும் நீரே எழுதிக் கொண்டாரும். பிரிக்க மாட்டேன், வாசிக்க மாட்டேன், அப்படியே போட்டுருவேன். யாருக்குப் போடணும்? அதத் தனியாச் சொல்லும்." மரியபுஷ்பம் ஊசியும் கையுமாச் சிரிச்சு, நரம்பு தப்பி, கைய நீட்டிக்கிட்டு இருந்த வாத்தியாரு வைய ஆரம்பிச்சுட்டாரு. அதத் தனியாச் சொல்லும். அங்கதான் மாட்டுச்சு. லேப்புல எந்த ரிப்போர்ட்டா இருந்தாலும் ஆவுடையோட புரோகிராமு தானாக் கட்டும். அனுப்புநரு, பெறுநரு, பொருளு, ஒரு வெத்து வரி, ரெண்டு வார்த்த சேதி, அப்புறம் ஒரு எல்லைக்கோடு, கோட்டுக்குக் கீழ ரிப்போர்ட்டு. அதுவும் வாசிச்சா ஒரு மண்ணும் வெளங்காத எழுத்தா மாறி, எறும்பு சாரை போறாப்புல பக்கம் பக்கமாப் போகும். இன்னைக்கு இந்த ஒரு ரிப்போர்ட்ட மட்டும் நிப்பாட்டி வச்சு, பெறுநர்ல அப்பா பேர எடுத்துட்டு மகன் பேரக் கையால போட்டான். யாருக்குப் போடணும்னு தனியாக் கேக்குற எடம் இருக்குல்லா, அது பதிவு நோட்டுலேர்ந்து தானா வருது. அதத் தொடல. நோட்டுல அப்பாவே வந்து சொல்லிப் பதிஞ்ச விலாசம். லெட்டருக்குள்ள என்ன எழுதியிருந்தா என்ன, மெயிலு கம்பெனிக்காரன் பாக்குறது வெளிய உள்ளத்தான். பத்தாங்கிளாஸ்லயும் இதே எழவுதான். கடிதம் எழுதுகன்னு பத்து மார்க்கு. அனுப்புநர் போட்டு, பெறுநர் போட்டு, ஐயான்னு ஆரம்பிச்சு, இப்படிக்குன்னு முடிச்சு, எழுந்து போயிருவான். கீழ கட்டம் கட்டி உறைமேல் முகவரி எழுதணும். அதுக்கு ஒரு மார்க்கு. அரைப் பரீட்சைல முப்பத்தி நாலு எடுத்தான். தமிழய்யா பேப்பர ஆட்டி ஆட்டி, தொண்டையில சளி உருள, "பெறுநர உள்ள எழுதிட்டா ஆச்சா? தபால்காரரு பிரிச்சுப் பாத்தால கொண்டு குடுப்பாரு? கட்டம் எங்கல?"ன்னாரு. கிளாஸே சிரிச்சுது. சாயங்காலம் அவரு குரல்லயே அதப் பேசி ஆவுடையும் சிரிக்க வச்சான். கட்டத்த மட்டும் இன்னைக்கு வரைக்கும் படிக்கல.

ரிப்போர்ட்டுகூடப் பரவால்ல. இங்கிலீஷு, பெரிய பெரிய வார்த்தை, பாத்தா ஒண்ணும் புரியாது. அவரும் பெரிய படிப்பு இல்ல. அப்படியே மூடி வச்சுட்டு மகன் வரட்டும்னு இருந்துருவாரு. ஆனா மேல எழுதுனது தமிழு. ஆவுடையே, அவன் கையால, இன்னைக்குன்னு பாத்து ஆசையா எழுதுன தமிழு. வழக்கமா ரெண்டே வார்த்ததான் போகும், ரிப்போர்ட் இணைக்கப்பட்டுள்ளதுன்னு. இது தெரிஞ்ச வீடாச்சே, கைலாசம் அதே பள்ளிக்கூடத்துல படிச்சவனாச்சே, பாவம் தூரத்துல ஒத்தையில கெடக்கானேன்னு நாலு வரி சேத்தான். "கைலாசம், ரிப்போர்ட் இத்தோட இருக்கு. பயந்த மாதிரிதான் வந்திருக்கு. நீங்க சொன்னபடி அப்பாட்ட ஒண்ணும் சொல்லல. அவங்களுக்குத் தெரியாம பாத்துக்கிடுங்க." அவங்களுக்குத் தெரியாம. அந்த அவங்களுக்குத்தான் போயிருக்கு. அவங்களுக்குத் தெரியாம பாத்துக்கிடுங்கன்னு அவங்களுக்கே எழுதி அனுப்புன மனுசன் இந்தப் பாளையங்கோட்டையில வேற எவனாவது இருப்பானா. யாராவது சொல்லிக் கேட்டா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான், அதையும் ஒரு குரல்ல பேசிக் காட்டியிருப்பான். இப்ப அந்த வரி தலைக்குள்ள ஃபேன் மாதிரி சுத்துது, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு டொக்கு. தெரியாம, டொக்கு. தெரியாம, டொக்கு. திரும்பக் கூப்பிட முடியுமா? முடியாது. பச்சை வந்துட்டுன்னா போனது போனதுதான். ரயிலு ஏறுன மூட்டை. ரயிலுன்னதும் கோமதிநாயகம் அண்ணாச்சி மொகம் வந்து நின்னுச்சு. போன வாரம் ஆஸ்பத்திரியில கழுத்துக் கட்டியில ஒரு துண்டு கிள்ளி, மருந்துத் தண்ணியில போட்டு, லேப்புக்குக் கொண்டு போங்கன்னு பாட்டில அவரு கையிலேயே குடுத்துட்டாங்க. மஞ்சப் பையில வச்சு ரெண்டு கையாலயும் தாங்கிக்கிட்டு வந்தாரு. கவுண்டர்ல வச்சுட்டு, "ஏ ஆவுடை, முப்பத்தாறு வருசம் ஓடுற ரயில்ல நின்னுக்கிட்டே தபாலெல்லாம் ஊர் ஊராப் பிரிச்சுப் போட்டேன். என் சதைய நானே டெலிவரி பண்ணுவேன்னு நெனைக்கல பாத்துக்கோ. குத்துக்க வைக்கணுமா, படுக்க வைக்கணுமா?"ன்னாரு. மெயில் ஐடி கேட்டதுக்கு ஒவ்வொரு எழுத்தா, ஸ்டேஷன் பேரு வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாரு. பென்ஷன் காரியத்துக்காகத் தானே படிச்சு ஆரம்பிச்சதாம், தெனம் காலையில காப்பி குடிச்சுட்டுப் பாப்பாராம். காலையில. காப்பி எப்ப குடிப்பாரு? பத்தே முக்காலுக்கு முன்னயா பின்னயா?

"நாப்பத்தெட்டு! நாப்பத்தெட்டு யாரு?"ன்னு மரியபுஷ்பம் கத்துனா. யாரும் எந்திரிக்கல. "ஏ ஆவுடையண்ணே, அந்த ரயில்வே ஸ்டேஷன் பொம்பளையாட்டம் ஒருக்கச் சொல்லுங்க, அப்பத்தான் எந்திரிப்பாக." "இன்னைக்கு வேண்டாம் புள்ள." "அட, சீக்கா? மூஞ்சி ஏன் அவிச்ச சேம்பு மாதிரி இருக்கு?" "வட பிடிக்கல." "நாலு தின்னா எப்படிப் பிடிக்கும்? ஒண்ணு எனக்கு வச்சிருந்தா மாதா காப்பாத்தியிருப்பா." போயிட்டா. ஸ்பிரிட்டு வாசம் அவ பின்னாலயே போச்சு. பஞ்சும் ஸ்பிரிட்டும், அந்த வாசம் வந்தா ஆவுடைக்கு ஆஸ்பத்திரியில கெடந்த அவன் அப்பா ஞாபகந்தான். அப்பா ஊருல மைக்செட்டு போடுறவரு. கோயில் கொடைக்குக் கொழாய் ஸ்பீக்கரு கட்டி, ஹலோ மைக் டெஸ்டிங்னு ஆவுடைய நாலு வயசுல தூக்கி நிறுத்துனதே அவருதான். அந்த மைக்குலதான் ஊருல உள்ள அத்தன பேரு தொண்டையும் ஆவுடைக்குள்ள வந்து குடியேறுச்சு. நாட்டாம, பூசாரி, பஸ் கண்டக்டரு, செத்துப்போன மாமா வரைக்கும். ஏழு வருசத்துக்கு முன்ன அப்பாவுக்கு வயித்துல இதே சீக்கு வந்துச்சு. தேவசகாயம்னு டாக்டரு, ஆவுடையோட அண்ணனையும் ஆவுடையையும் மட்டும் உள்ள கூப்பிட்டுச் சொன்னாரு. வெளிய பெஞ்சுல அப்பா உக்காந்திருக்காரு, கால ஆட்டிக்கிட்டு. நம்ம பக்கத்து வழக்கம் தெரிஞ்சதுதான், சீக்காளிட்டச் சொல்ல மாட்டோம். ஊருக்கே தெரியும், டீக்கடைக்குத் தெரியும், சீக்கு எவன் வயித்துல இருக்கோ அவனுக்கு மட்டும் தெரியாது. ஆனா அப்பா விடல. ஒரு வாரமா, டாக்டரு என்ன சொன்னாரு, எங்கிட்ட நேராச் சொல்லச் சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அண்ணன் ஆவுடையப் பாத்தான். ஆவுடை வெளிய போனான். மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் நின்னு அண்ணன் போனுக்கு அடிச்சான். "டாக்டரு லைன்ல இருக்காருப்பா"ன்னு அண்ணன் அப்பா காதுல வச்சான். ஆவுடை தொண்டையக் கனைச்சு, அந்தக் கரகரப்பு, அந்த இழுவை, நடுவுல அந்த ஒரு "ஆங்": "ஒண்ணுமில்ல பெரியவரே, ஆங், வெறும் புண்ணு. காரத்த விட்டுரும், ஆறிரும்." அவன் ஆயுசுல அதவிட நல்லா எந்தக் குரலும் பேசல. அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். அப்புறம் அப்பா சொன்னாரு: "சரிங்க டாக்டரு. வண்டில போகையில மெதுவாப் போங்க. பின் பிரேக்கு சரியாப் பிடிக்கல."

தேவசகாயம் டாக்டருக்குக் காரு. டிரைவரு வச்ச காரு. பின் பிரேக்கு பிடிக்காதது ஆவுடை வண்டி. அப்ப தெரிஞ்சிருக்கு. இல்ல, மருந்து மயக்கத்துல வாயில வந்தத ஒளறியிருப்பாரு. இல்ல, தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுமா அதுக்கப்புறம் எட்டு மாசம், ஒரு நாளு விடாம, மொளகா இல்லாத வெறும் சோத்தத் தின்னாரு? நாக்குக்கு ஒரு மொளகா வத்தலு கேக்காத நாளு கெடையாது அந்த மனுசனுக்கு. நீ சொன்ன பொய்ய நான் நம்பிட்டேன் பாருன்னு நமக்காகத் தின்னாரா? கேக்கல. ஆவுடையும் கேக்கல, அவரும் சொல்லல. எட்டு மாசம் ஒரு வீட்டுக்குள்ள ரெண்டு பேரும் எதுக்க எதுக்க உக்காந்து நடிச்சாங்களா, இல்ல ஒருத்தன் மட்டும் நடிச்சானா, ஆளு போனப்புறம் யாருட்டப் போய்க் கேக்க. வண்டியக்கூட வித்தாச்சு. வாங்குனவன் பிரேக்கச் சரி பண்ணிருப்பான். போன் மறுபடி அடிச்சுது, கைலாசம். எடுக்கல. அடிச்சு அடிச்சு ஓஞ்சுது. என்ன சொல்ல? உங்க அப்பாவுக்குப் போயிட்டுன்னா சொல்ல? சொன்னா அவன் அங்க என்ன ஆவான். லேப்பு ஓனரு காதுக்குப் போனா ஆவுடை இங்க என்ன ஆவான். அதுக்கு ஒரு வழி இருக்கு. வழி தொண்டையிலயே இருக்கு, எச்சி மாதிரி ஊறிக்கிட்டு. இந்த லேப்பு டாக்டரு பொன்னுத்துரை, அவரு பேச்ச ஆவுடை தெனம் பேசுவான், மரியபுஷ்பம் தெனம் சிரிப்பா. கீச்சுக் குரலு, ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால ஒரு "அதாவது". இப்ப அண்ணாச்சிக்கு ஒரு போனப் போட்டு, "அதாவது, டாக்டர் பொன்னுத்துரை பேசுறேன். அதாவது உங்களுக்கு ஒரு மெயிலு மாறி வந்திருக்கும். வேற ஆளோட ரிப்போர்ட்டு. தொறக்காம அழிச்சுருங்க. உங்களோடது நார்மல்"னு சொன்னா? நார்மல்னா தப்பு. நாளைக்கு மருந்து ஏத்தணும்ல. நார்மல் வேண்டாம், இன்னும் வரலைன்னு சொல்லலாம். அப்ப கைலாசம்னு பேரு எப்படி வந்துச்சும்பாரு. ஊருல வேற கைலாசமே இல்லையா. அப்பான்னு இருக்கேம்பாரு. எல்லாக் கைலாசத்துக்கும் அப்பா உண்டுல்லா. பொய்யிக்கு ஒரு காலு வச்சா அதுவே அடுத்த காலக் கேக்குது. ஆனாலும் கை நம்பர அமுக்கிக்கிட்டே போகுது. தொண்டை தானாக் கனைக்குது. "அதாவது"ன்னு மெல்லச் சொல்லிப் பாத்தான். அச்சு அசலா வந்துச்சு. அவன் ஒடம்பு பூரா நடுங்குது, குரல்ல மட்டும் ஒரு நடுக்கம் இல்ல. அதக் கேட்டு அவனுக்கே பயம் வந்துட்டு. எவன் குரலுல இது? எங்க அப்பன் கடைசியாக் காது குடுத்துக் கேட்ட பொய்யி எவன் குரலுல வந்துச்சு?

மணியடிக்கிற சத்தம் பக்கத்துலயே கேட்டுச்சு. காதுல உள்ள போன்ல ஒண்ணு, கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒண்ணு. நிமுந்து பாத்தான். கோமதிநாயகம் அண்ணாச்சி நிக்காரு. வெள்ளச் சட்டை, கழுத்துல பிளாஸ்திரி, கைல அடிக்கிற போனு. "நீதான் அடிக்கியா? நான் வந்துட்டேன், வை"ன்னாரு. ஆவுடை வச்சான். அவரு போன கவுண்டர் மேல வச்சு, தெரைய அவன் பக்கமாத் திருப்புனாரு. "ஒரு தபாலு எடம் மாறி வந்து கெடக்கு. வெளிய என் விலாசம், அதனால எங்கிட்ட வந்தது சரிதான். உள்ள எம் பையன் பேரு. கட்டி அனுப்புனத நான் பிரிக்கல. கைல கோடிக் கணக்குல தபாலு போயிருக்கு ஆவுடை, ஒண்ணக்கூட நான் பிரிச்சவன் இல்ல." ஆவுடைக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மூச்சு எறங்கப் பாத்துச்சு. அதுக்குள்ள அவரு, "ஆனா மேல நாலு வரி. அது ஒறைக்குள்ள இல்ல பாத்தியா, போஸ்ட் கார்டு மாதிரி தொறந்து கெடக்கு. கண்ணு போயிட்டு, என்ன செய்ய." சிரிச்சாரு. பாதிச் சிரிப்பு. பிளாஸ்திரி இழுத்துட்டு போல, கைய அங்கன வச்சுக்கிட்டாரு. "அண்ணாச்சி, நாந்தான், நான் வந்து"ன்னு ஆவுடை ஆரம்பிச்சான். "ஒன்ன வைய வரல. எனக்கு ஒரு சேதி தெரியணும். அவனுக்குப் போய்ச் சேந்துட்டா?" "இல்ல." "அதான. காலையிலேர்ந்து ரெண்டு மட்டம் அடிச்சுட்டான், இட்லி சாப்பிட்டியா, வெயிலு எப்படின்னு. பூனாவுல உக்காந்துக்கிட்டு இங்க உள்ள வெயிலக் கேக்கான். குரலே சரியில்ல." கவுண்டர் மேல வெரலால ஒரு கோடு இழுத்தாரு. "இப்ப அனுப்பு. சரியான விலாசம் போட்டு அனுப்பு. எனக்கு வந்தத அவங்கிட்டச் சொல்லாத. அப்பனுக்குத் தெரியாதுன்னே இருக்கட்டும், அவனுக்கு அது ஒரு தெம்பு. வந்து கூட்டிட்டுப் போவான், புண்ணும்பான், கொப்புளமும்பான், சரிம்பேன். என்ன போச்சு." சரிம்பேன். ஆவுடை காதுக்குள்ள ஒரு கதவு தொறந்தாப்புல இருந்துச்சு. ஏழு வருசமாத் தட்டிக்கிட்டு நின்ன கதவு. சரிங்க டாக்டரு. அதுக்கு முந்தி அந்த மூச்சு. அந்த மூச்சுக்குள்ளதான் அப்பா முடிவு பண்ணியிருக்காரு, என்ன போச்சுன்னு. அப்ப தெரிஞ்சுதான் தின்னுருக்காரு. எட்டு மாசமும் ஒத்தையிலதான் தின்னுருக்காரு. பக்கத்துல நாந்தான் இலை போட்டேன்.

ஆவுடை போன் அடிச்சுது. கைலாசம்னு பேரு வெளிச்சமா வருது, அண்ணாச்சியும் பாக்காரு. வெரல ஒதட்டுல வச்சு, சொல்லாதங்குற மாதிரி தலைய ஆட்டுனாரு. அவரு கண்ணு கெஞ்சல, சும்மா அதட்டுது, வீட்டுல பெரியவங்க விருந்தாளிக்கு முன்னால சின்னப் பயலப் பாத்து அதட்டுத மாதிரி. ஆவுடை எடுத்தான். "என்ன ஆவுடை, கூப்பிடுதேன்னுட்டு ஆளக் காணும்? அனுப்பிட்டீங்களா?" தொண்டைக்குள்ள எல்லாரும் முண்டுதாங்க. பொன்னுத்துரை முண்டுதாரு, தாலுகா ஆபீஸ் கிளார்க்கு முண்டுதான், தேவசகாயம் ஒரு "ஆங்"கோட எந்திரிச்சு நிக்காரு, ஒருத்தன் பேசுனாப் போதும், எவன் பேசுனாலும் நல்லாப் பேசுவான். ஆவுடை ஒவ்வொருத்தனையா உக்கார வச்சான். அப்புறம் பேசுனா, வந்த குரலு என்னவோ போல இருந்துச்சு. மெலிஞ்சு, உடைஞ்சு, மைக்குல ஊதிப் பாக்குற மாதிரி. யாரு குரலுன்னு ஒரு நிமிசம் அவனுக்கே பிடிபடல. "கைலாசம், தப்பு எம்மேல. ரிப்போர்ட்டு உங்களுக்கு வரல. நான் விலாசத்த மாத்தாம விட்டுட்டேன், அப்பாவுக்குப் போயிட்டு. நான் எழுதுன வரியும் வாசிச்சுட்டாங்க. எதுக்கதான் நிக்காங்க." அந்தப் பக்கம் மீட்டிங்ல எவனோ இங்கிலீஷ்ல பேசுறது தூரமாக் கேட்டுச்சு. இந்தப் பக்கம் அண்ணாச்சி வெரலு இன்னும் ஒதட்டுலயே இருக்கு, எடுக்க மறந்துட்டாரு. "பாவி"ன்னாரு, வெரலுக்கு அந்தப் பக்கமே, சத்தமில்லாம. ஆவுடை போன அவரு பக்கம் நீட்டுனான். அவரு அந்தக் கையப் பாத்தாரு, போனப் பாத்தாரு. மரியபுஷ்பம் அம்பதுன்னு கத்துனா, யாரோ ஒரு அம்மா கொழந்தையத் தூக்கிக்கிட்டு அவர ஒரசிக்கிட்டுப் போனாங்க. அப்புறம்தான் அவரு வெரல எடுத்தாரு, போன வாங்குனாரு.

"கைலாசம்"னாரு. "ம். நாந்தான். ம். ஆமா, வாசிச்சேன். மேல உள்ளது மட்டும். ஏய். ஏய், இந்தா. எங்க இருக்க? ஆளுக இருக்காகளா? மொத வெளிய வா. வெளிய வந்து நின்னுக்கிட்டு அழு." ஒரு கைய நெத்தியில வச்சுக்கிட்டு கவுண்டர்ல சாஞ்சாரு. மகன் அழுறதுக்குக் காது குடுத்துக்கிட்டு நின்னாரு. அவரு கண்ணுலயும் நெறஞ்சு, மூக்கு நுனியில வந்து தொங்குச்சு, தொடைக்கல. "எனக்கும் பயமாத்தாம்ப்பா இருக்கு"ன்னாரு. இதுவரைக்கும் அந்தக் கவுண்டர்ல நின்னு வெளையாட்டாவே பேசுன மனுசன் அப்படிச் சொன்னது ஆவுடைக்குக் கேக்கக் கூடாத எடத்துல காதக் குடுத்துட்ட மாதிரி இருந்துச்சு. தலையக் குனிஞ்சு கம்ப்யூட்டரப் பாத்தான். பெறுநர்ல கைலாசம் இருக்கு. மேல எழுதுன நாலு வரியையும் அழிச்சான். கீழ, யாருக்குப் போடணும்னு கேக்குற எடத்துல, மகன் விலாசத்த ஒவ்வொரு எழுத்தா அடிச்சான். அப்பா விலாசத்த அழிக்கல, அதுக்குப் பக்கத்துலயே இதையும் வச்சான். ரெண்டு பேருக்கும் போகட்டும். அனுப்புன உடனே பச்சை வந்துச்சு, முழ நீளத்துக்கு நம்பரு வந்துச்சு, தெரைய அண்ணாச்சி பக்கம் திருப்பிக் காமிச்சான். "இப்ப வந்திருக்கும் பாரு, பிரி. நானும் இங்க பிரிக்கேன்"னு அண்ணாச்சி தன் போனத் தடவுனாரு. அப்புறம், "எப்ப வார? இன்னைக்கேவா? டிக்கெட்டு கெடைக்குமா? அங்கேருந்து ஏர்போர்ட்டுக்கு எதுல போவ, வண்டியிலயா?" அவன் என்னமோ சொன்னான். "அழுதுக்கிட்டே ஓட்டாத. மெதுவாப் போ, கேட்டியா. மெதுவாப் போ." மேஜைக்கு அடியில ஆவுடையோட வலது காலு தன்னால கீழ எறங்கி, அங்க இல்லாத பின் பிரேக்க அமுக்கிக்கிட்டு, அப்படியே இருந்துச்சு.